கிரகணத்தன்று குட்டனுக்கு வைத்த கஞ்சி

கரமனையில் எங்கள் தெருக்காரர்களுக்கு, ராகு சூரியனை எப்போது பிடிப்பான் எப்போது விடுவான் என்பதைப் பெரியப்பா வாயால் கேட்டால்தான் திருப்தி. பேப்பரில் போட்டிருக்கும், டிவியில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். இருந்தாலும் போன் செய்து அவரைக் கேட்பார்கள். சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆபீஸில் அவர் பேச்சை யார் கேட்டார்களோ தெரியாது, தெருவில் கேட்டார்கள். எந்த நட்சத்திரக்காரர்கள் சாந்தி செய்யவேண்டும், தர்ப்பையை எந்தெந்தப் பாத்திரத்தில் போடவேண்டும், எத்தனை மணிக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு சூரிய கிரகணத்தின் நட்டநடுவில் அடுப்பு மூட்டினார். அதுவும் ஒரு நாய்க்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாயின் பெயர் குட்டன். பெரியம்மா வைத்த பெயர். எங்கள் கொல்லையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் படியில் ஒரு மழைநாளில் எங்கிருந்தோ வந்து ஒண்டிக்கொண்ட செம்பட்டை நாட்டு நாய். அக்கிரகாரத்து வீட்டில் நாயாவது என்று பெரியப்பா குதித்தார். பெரியம்மா எதிர்த்துப் பேசுகிற ரகமில்லை. சரி என்று கேட்டுக்கொண்டாள், மறுநாளும் படியில் கொண்டுபோய்த் தயிர்சாதம் வைத்தாள். இப்படியே அவர் குதிப்பதும் அவள் சரி என்பதும் சில மாதம் நடந்து, கடைசியில் குட்டன் கொல்லை விறகுப்புரைக்குக் குடிவந்துவிட்டான். அவர்களுக்குக் குழந்தை கிடையாது. வீட்டில் இருந்த ஒரே குழந்தை நான். குட்டன் உனக்குத் தம்பியாக்கும் என்று பெரியம்மா சொல்வாள். எனக்கு அந்த உறவுமுறையில் ஆட்சேபம் எதுவும் இருக்கவில்லை.

பெரியம்மாவுக்கு வயிற்றில் கேன்சர் வந்தது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வலிக்கு மருந்து கொடுப்பதற்காக ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வந்துபோவார். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி பார்த்து மாத்திரை கொடுக்கவேண்டும் என்று அவர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவார். பெரியப்பா மாத்திரைகளை வாங்கித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். தாங்க முடியாவிட்டால் சொல், தருகிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னார். மாத்திரை போட்டால் அவள் தூங்கிப்போகிறாள், கடைசிக் காலத்தில் பகவான் நாமத்தைச் சொல்லப் பிரக்ஞை வேண்டாமா என்பது அவர் கட்சி. அது பழகிவிடும் என்று யாரோ வேறு பயமுறுத்தியிருந்தார்கள். அவர் கொடுமைக்காரர் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் பெரியம்மா எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை, மாத்திரையும் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நான் போய்க் கூப்பிட்டால் மெதுவாகத் திரும்பிச் சிரிப்பாள்.

அவள் போனதும் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒரு முனகல் உண்டா, ஒரு அரற்றல் உண்டா, புண்ணியவதி. பெரியப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். துக்கத்திலும் அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வலியைப் பொறுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து மாதிரி. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதியிடம் சொல்லிக்கூடக் காட்டினேன்.

அதற்குப் பிறகு குட்டனுக்குச் சோறு வைப்பது பெரியப்பாவின் வேலையாயிற்று. யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மடி வேட்டியோடு போய், மூன்று அடி தள்ளி நின்று, சோற்றுருண்டையை இலையில் போட்டுவிட்டு வந்துவிடுவார். தொடமாட்டார். பேச்சும் கிடையாது.

அடுத்த மழைக்காலத்தில் குட்டன் இடது காதைச் சொறிய ஆரம்பித்தான். காதிலிருந்து சீழும் நாற்றமும் வந்தது. வீட்டு வைத்தியத்தில் எங்களுக்கு யாரும் குறைந்தவர்களில்லை. அம்மா மஞ்சள் வைத்தாள், அப்பா ஆரியசாலைக் கடையிலிருந்து வேப்பெண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார், எதிர்வீட்டு மாமா தும்பைச்சாறு பிழியச் சொன்னார். இத்தனையும் போய் உள்ளே சேர்ந்ததில் காது பந்துபோல் வீங்கிவிட்டது. கடைசியில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே குழாய் முழுக்கப் புரையோடிப் போயிருக்கிறது, மருந்துக்கு அடங்காது, அறுத்து எடுத்துவிடவேண்டும் என்றார். அந்தக் காது பிறகு கேட்காது. ஆனால் நாய்க்கு நிம்மதி கிடைக்கும்.

ஆபரேஷன் முடிந்து குட்டனைக் கூட்டிவந்த நாள் வீட்டில் ஒரு திருவிழா. தலையைச் சுற்றிக் கட்டு. சொறிந்து தையலைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் ஒரு கூண்டு மாட்டவேண்டும் என்றார்கள். அது கிடைக்காததால், அப்பா பழைய பெயிண்ட் வாளியின் அடியை அறுத்து மாட்டிவிட்டார். வாளிக்குள்ளிருந்து முகத்தை நீட்டிக்கொண்டு குட்டன் தென்னைமரத்தில் முட்டினான், துவைக்கிற கல்லில் முட்டினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டாக்டரம்மா வலி மாத்திரை கொடுத்திருந்தார். காலை, மத்தியானம், ராத்திரி என்று மூன்று வேளை. சோறு தின்றபிறகுதான் கொடுக்கவேண்டும், வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். வாயை அகலத் திறந்தால் தையல் இழுக்கும், அதனால் சோற்றைக் கஞ்சியாகக் குழைத்துத் தரவேண்டும். நாம் போட்டுக்கொள்ளும் ஜுர மாத்திரையை மறந்தும் கொடுத்துவிடக்கூடாது, நாய்க்கு அது விஷம். அம்மா அதைத்தான் கொடுப்பதாக இருந்தாள் என்பது வேறு விஷயம்.

முதலில் ஒழுங்காகக் கொடுத்தோம். குட்டன் அழவில்லை, ஊளையிடவில்லை. விறகுப்புரை மூலையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அறுத்த காதுப்பக்கம் படுக்கமாட்டான். அடிக்கடி உதட்டை நக்கிக்கொள்வான். கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருதரம் ஆட்டுவான். சாதுவாக இருக்கிறான் என்று எல்லாரும் மெச்சினோம். இவ்வளவு மருந்து எதற்கு, உடம்புக்கு ஆகாது என்று பெரியப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். சத்தம் போட்டால் கொடுத்துக்கொள்ளலாம் என்றார். அவன் போடவில்லை. பெரியம்மா வளர்த்த நாயல்லவா, அவள் குணம்தான் இதற்கும் என்று அப்பா சொன்னார். பெரியப்பா சிரித்தார். அவள் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், வழக்கம்போல் ஓடிப்போய் அவன் தலையைத் தடவினேன். குட்டன் திரும்பி என் கையைக் கவ்விவிட்டான். பல் ஆழமாகப் பதியவில்லை, கீறல்தான். ஆனால் ரத்தம் வந்தது. என்னைக் கடிப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. கையைவிட மனசுதான் அதிகம் வலித்தது. அழுதுகொண்டே உள்ளே ஓடினேன். கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் எனக்கு ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே தீர்மானமாக இருந்தாள். அவள் பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. அவருக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வாள். கடிக்கிற நாயைப் பெண்குழந்தை இருக்கிற வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிடவேண்டும் என்று என்னைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படி சொன்னாள். அப்பாவும் அதையேதான் சொன்னார். எனக்குக் குட்டன்மேல் கோபமும் இருந்தது, அவனை விட்டுவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. பெரியப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு, எதற்கும் டாக்டரம்மாவிடம் ஒருவார்த்தை கேட்டுவிடலாம் என்றார். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன்.

கட்டுப்போட்ட தலையும் வாளியுமாக இருந்த நாயை எந்த ஆட்டோக்காரரும் ஏற்றவில்லை. ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். பெரியப்பா அன்றைக்குத்தான் முதல்முதலில் குட்டனைத் தொட்டார். வண்டி குலுங்கியபோது அவன் சரிந்துவிடாமல் இருக்க, முதுகில் கையை வைத்து அணைத்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா குட்டனை மேஜைமேல் ஏற்றி, காதின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனதும் அவன் உடம்பு முழுக்க நடுங்கியது. கடைசியாக எப்போது மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார். அவர் எங்களுக்காகத் தமிழில் பேசப் பார்ப்பார், நடுநடுவே மலையாளம் வந்துவிடும்.

"சத்தமே போடலை. பின்னே எதுக்குன்னு நான்தான் நிறுத்தினேன்" என்றார் பெரியப்பா.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. இது கெட்ட நாய் இல்லை, வலி தாங்காமல் கடித்திருக்கிறது என்றார். தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நிற்பதும், கூப்பிட்டால் வராததும், ஒருபக்கமாகவே படுப்பதும் எல்லாம் வலிதான். வலி வந்தபிறகு மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை, வருவதற்கு முன்னால் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். அழவில்லை என்பதற்காக நிறுத்தக்கூடாது. இதெல்லாம் அவர் கையால் கட்டை மாற்றிக்கொண்டே சொன்னது. பெரியப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒருதடவைகூட முனகலேன்னா? அப்பவும் வலி இருக்குமோ?"

"உண்டு சாமி. சொல்லாததுனால வேதனை கொறவுன்னு அர்த்தமில்லை. ஒண்ணும் சொல்லாம கெடக்கறதுதான் கூடுதல் கஷ்டப்படும்."

"மனுஷாளுக்கும் அப்படியா?"

டாக்டரம்மா அதற்குள் அடுத்து வந்திருந்த ஆட்டின் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பியபடியே, எல்லா ஜீவனுக்கும் அப்படித்தான் என்றார். பெரியப்பா சரி என்றார். இதே சரியைப் பெரியம்மாவும் சொல்வாள், ஆனால் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர், கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. குட்டனுக்கு வெயில் படுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அன்றிலிருந்து பெரியப்பா ஆளே மாறிப்போனார். குட்டனை எங்கும் விடமாட்டேன் என்று அப்பாவிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என்னை அவன் தலைப்பக்கம் போகவேண்டாம் என்றார். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கொல்லைத் தாழ்வாரத்தில் மாட்டினார். மாத்திரை வேளைக்கு முன்னாலேயே கஞ்சி தயாராக இருக்கும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி, வீக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருப்பார். சந்தியாவந்தனம் தவறினாலும் அது தவறாது. தொட்டதற்கெல்லாம் குளிப்பவர், விறகுப்புரையில் சாக்கைப் போட்டு நாயோடு உட்கார்ந்திருந்தார். குட்டன் தேறினான். இடதுபக்கம் படுக்கக்கூட ஆரம்பித்தான். பெரியப்பாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, இப்படிப் பிரியம் வைப்பார் என்று யார் நினைத்தது என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பெரியம்மாவுக்குக்கூட இவர் இப்படி ஓடி ஓடிச் செய்ததில்லையே என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று தெரியாமல் நாள் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கிரகணம் வந்தது. உச்சிவெயிலில் சூரியனைப் பிடிக்கிற கிரகணம். அதற்குச் சில நாள் முன்னாலிருந்தே போன் அடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா எல்லாருக்கும் எப்போதும்போல் பதில் சொன்னார். அன்று விடிந்தபிறகு யார் வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது, பழைய சாதம் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது, விட்டபிறகு குளித்துவிட்டுத்தான் சமையல். எனக்கு மட்டும் விடிகாலையில் அம்மா இரண்டு இட்லி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டாள். குட்டனுக்கும் அப்போதே காலைக் கஞ்சி ஆகிவிட்டது. அவனுடைய மத்தியான மாத்திரையைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கிரகணம் பிடித்ததும் எல்லாரும் ஸ்நானம் செய்து கூடத்தில் உட்கார்ந்து ஜபம் செய்துகொண்டிருந்தார்கள். வெளியே போகக்கூடாது, ஆகாசத்தைப் பார்த்தால் கண் அவிந்துபோகும் என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. பெரியப்பா நடுவில் எழுந்துபோனதை நான்தான் முதலில் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கமிருந்து புகை வாசனை வந்தது. அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனோம்.

வெளியே வெளிச்சம் மங்கிப்போய், ஆற்றங்கரை மரங்களில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. விறகுப்புரையில் மூன்று கல்லை வைத்து, ஈரவேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெரியப்பா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். உழக்குப் பாத்திரத்தில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. குட்டன் வாளியோடு பக்கத்தில் நின்றிருந்தான். அம்மா என்னிடம் சொன்னாள், விட்டதும் நான் முதல் காரியமாக அவனுக்குக் கஞ்சி வைத்துத் தருகிறேன் என்று. பெரியப்பா திரும்பவில்லை. அப்பாதான் ஓரடி முன்னால் போனார்.

"அண்ணா, விடறதுக்கு இனியும் நேரம் கெடக்கே. நீங்களே இப்படிப் பண்ணினா தெருவுல என்ன சொல்லுவா? கொறச்சு நேரம் அது பொறுத்துக்காதா?"

"பொறுத்துக்கும்" என்றார் பெரியப்பா. "அதுதான் எனக்குப் பயம்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவும் போனார். என்னைக் கூப்பிட அவர்களுக்குத் தோன்றவில்லை. பெரியப்பா கஞ்சியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி, இன்னொன்றில் மாற்றி மாற்றி ஆற்றினார். சாஸ்திரத்தில் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்று அவரே தெருவுக்குச் சொல்வார். நாய்க்கு உண்டா என்று இதுவரை யாரும் போன் செய்து கேட்டதில்லை. குட்டன் கஞ்சியை மெதுவாக நக்கிக் குடித்தான். கடைசி வாய்க் கஞ்சியில் மாத்திரையை நசுக்கிக் குழைத்துக் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும், வாளியைத் தள்ளி நல்ல காதுப்பக்கம் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். நான் தூணுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். எனக்குக் கேட்டது.

"நீ சொல்லவேண்டாம், கேட்டியா. நீ ஒருநாளும் சொல்லவேண்டாம். நானே தந்துடுவேன்."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். குட்டனுக்கு நடுவில் தூக்கம் வந்துவிட்டது. அவன் அவர் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன இது, நாய்க்கு என்ன புரியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார். இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்து, தாரை தாரையாக நீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் கண்ணில் நான் நீரைப் பார்த்ததில்லை. ஆகவே அது அழுகையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெளியில் உட்கார்ந்திருந்தவர் தெரியாத்தனமாக ஆகாசத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். பக்கத்தில் ஓடிப்போய், சூரியனைப் பார்த்துட்டேளா பெரியப்பா என்று கேட்டேன்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நானாகவே அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. அதன்பிறகு நாள்தோறும் காலையில் அவர் பேப்பர் படிக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்துகொள்வேன். பொடி எழுத்தாகப் பார்த்து ஒரு வரியைக் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பேன். பொறுமையாகப் படித்துச் சொல்வார். ஒரு எழுத்துக்கூடத் தவறியதில்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெரியப்பா தப்பித்துவிட்டார் என்று நான் சந்தோஷமாகப் பள்ளிக்கூடம் போனேன்.